கொள்ளிவாய்ப் பிசாசும் மக்காச்சோளமும்

சில காலத்திற்கு முன் ஒரு கிராமத்துக் கூட்டத்தில் நாம் பேசி முடித்ததும், எழுபது வயதுக்குக் குறையாத ஒரு பெரியவர் எழுந்து நின்றார். "ஏனய்யா, பேய் இல்லை, பிசாசு இல்லை என்று இவ்வளவு நேரம் பேசினீர்களே. எங்கள் ஏரி உள்வாயில் ராத்திரியில் நீலமாய் எரிந்து எரிந்து அணைகிற கொள்ளிவாய்ப் பிசாசை என் தகப்பனார் கண்ணால் கண்டிருக்கிறாரே, அவர் பொய் சொன்னார் என்கிறீர்களா?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. ஏனெனில் கேள்வி நியாயமானது. "உங்கள் தகப்பனார் பொய் சொல்லவில்லை ஐயா. அவர் கண்டது நெருப்புத்தான். அதற்குப் பிசாசு என்று பேர் வைத்ததுதான் பொய்" என்று சொன்னோம். "அப்படியானால் அந்த நெருப்புக்கு விறகு போட்டவன் யார்?" என்று அவர் விடாமல் கேட்டார். அன்று நேரமில்லாததால் நாலு வார்த்தையில் பதில் சொல்லி வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்விக்குள் பெரிய விஷயங்கள் பல அடங்கியிருப்பதால் இங்கு விரிவாக எழுதுகிறோம்.

முதலாவது, விறகு எது என்று பார்ப்போம். 1776-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், இத்தாலி தேசத்தில் மஜோரே என்னும் ஏரிக்கரையில், வோல்ட்டா என்ற விஞ்ஞானி ஒரு கோலை எடுத்துச் சேற்றைக் கிளறினார். குமிழி குமிழியாய் வாயு மேலே வந்தது. அதை அவர் புட்டியில் பிடித்து நெருப்பு வைத்துப் பார்த்தார், நீலமாய் எரிந்தது. அவர் மந்திரமும் சொல்லவில்லை, தேங்காயும் உடைக்கவில்லை. ஒரு கோலும் ஒரு புட்டியும் போதுமானதாயிருந்தது. அந்த வாயுவுக்குத்தான் இன்று மீத்தேன் என்று பெயர். சதுப்பு நிலத்தில் அது எப்படித் தானே பற்றிக்கொள்கிறது என்பதைப் பற்றி விஞ்ஞானிகளுக்குள் இன்னமும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும். வாதம் நடப்பது அறிவுக்கு இழுக்கல்ல. கேட்கக் கூடாது என்று வாயை மூடுவதுதான் இழுக்கு.

இரண்டாவது, இந்த வாயுவை உண்டாக்குவது யார்? கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். கிருமி என்றதும் நம்மவர்களுக்கு வாந்திபேதியும் க்ஷயமும்தான் ஞாபகத்துக்கு வரும். அது சரியல்ல. ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு விடியற்காலையில் பொங்கி நிற்கிறதே, அதுவும் கிருமியின் வேலைதான். காற்றுப் படாத இடத்தில், தண்ணீருக்கும் சேற்றுக்கும் அடியில், இலையும் புல்லும் அழுகும்போது இன்னொரு வகைக் கிருமிக் கூட்டம் வேலை செய்கிறது. அந்தக் கூட்டம் விட்ட மூச்சுத்தான் பெரியவரின் தகப்பனார் கண்ட கொள்ளிவாய்ப் பிசாசு.

நிற்க. பிசாசு என்று பயந்து ஓடியவர்கள் ஓடிக்கொண்டேயிருக்க, காரணம் என்ன என்று கேட்டவர்கள் அந்தப் பிசாசைப் பிடித்துத் தொட்டியில் அடைத்து மின்சாரம் உண்டாக்கிவிட்டார்கள். இதில் ஜெர்மனி தேசத்தின் கதை நாம் படிக்க வேண்டிய கதை. 2000-ம் வருஷத்தில் அங்கே சுமார் ஆயிரம் சாண எரிவாயு ஆலைகள் இருந்தன. இன்று ஒன்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சாண எரிவாயு என்று பழக்கத்தினால் சொல்கிறோமே தவிர, அங்கே தொட்டிக்குள் போகிற முக்கியமான சரக்கு சாணமல்ல, மக்காச்சோளம். கதிர் முழுவதும் முற்றுவதற்கு முன்பே செடியோடு அறுத்து, துண்டு துண்டாய் வெட்டி, காற்றுப் புகாமல் அமுக்கி மூடிப் புளிக்க வைக்கிறார்கள். நம் விவசாய இலாகாவினர் இதை ஊறுகாய்ப்புல் என்பார்கள். அந்த ஊறுகாய்ப்புல்லை வருஷம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தொட்டியில் போடுகிறார்கள். தொட்டியின் சூடு நம் உடம்புச் சூடு அளவு, அல்லது அதற்கும் சற்று மேல். ஒரு டன் போட்டால் சுமார் 200 கன மீட்டர் வாயு வரும். அதில் பாதிக்குச் சற்று மேல் மீத்தேன்; மீதி பெரும்பாலும் கரியமில வாயு.

இந்தத் தொட்டிக்குள் நடக்கிற வேலையை ஒரு கிருமி செய்வதில்லை. நாலு கை மாறித்தான் வேலை முடிகிறது. முதல் கூட்டம், நாரையும் மாவையும் உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. இரண்டாவது கூட்டம், அந்தச் சர்க்கரையைத் தின்று பலவிதப் புளிப்புகளாக்குகிறது. மூன்றாவது கூட்டம், அந்தப் புளிப்புகளைக் காடிப் புளிப்பாகவும் ஹைட்ரஜன் வாயுவாகவும் மாற்றுகிறது. நாலாவது கூட்டம்தான் காடியிலிருந்தும், ஹைட்ரஜனோடு கரியமில வாயுவைச் சேர்த்தும் மீத்தேன் உண்டாக்குகிறது. முந்தின கூட்டத்தின் கழிவு அடுத்த கூட்டத்தின் சோறு.

இதில் வேடிக்கையான ஒரு சரித்திரம் உண்டு. சாராயத்தைத் தின்று மீத்தேனைக் கொடுக்கிற ஒரு கிருமி இருப்பதாகப் பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் வெகு காலம் நம்பினார்கள். ஒமிலியான்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானியின் பெயரையும் அதற்குச் சூட்டினார்கள். 1967-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பிரையன்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அதைச் சோதித்துப் பார்த்தபோது, அது ஒரு கிருமியே அல்ல, பிரியாமல் வாழ்கிற இரண்டு கிருமிகள் என்று தெரிந்தது. ஒன்று சாராயத்தைத் தின்று ஹைட்ரஜனைக் கக்குகிறது. மற்றது அந்த ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனைக் கக்குகிறது. ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்துக்கொள்ள இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதற்கு வேலை ஓடாது. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதற்குச் சோறு கிடையாது. பார்த்தீர்களா? பாடப் புத்தகத்தில் ஏறி, விஞ்ஞானி பெயரும் சூட்டப்பட்ட ஒரு விஷயத்தை, ஆதாரம் மாறியதும் விஞ்ஞானிகள் கொஞ்சமும் வெட்கப்படாமல் அடித்துத் திருத்திவிட்டார்கள். முன்னோர் சொன்னது, ஆகையால் தொடக் கூடாது என்று எவரும் சத்தியாக்கிரகம் செய்யவில்லை. அறிவுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அதோடு நிற்கவுமில்லை. 1977-ல் ஊஸ், ஃபாக்ஸ் என்ற இருவர், மீத்தேன் உண்டாக்குகிற இந்தக் கிருமிகள் சாதாரணக் கிருமிகளின் வகையே அல்ல, உயிர்களின் வம்சத்தில் தனிக்கிளை என்று எடுத்துக் காட்டினார்கள். அதற்கு ஆர்க்கியா என்று பெயர். 2008-ல் ஜெர்மனியின் பீலஃபெல்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், மக்காச்சோளமும் ரைப் பயிரும் சிறிது எருவும் போட்டு நடக்கிற ஓர் ஆலைத் தொட்டியிலிருந்து ஒரு துளியை எடுத்து, அதிலுள்ள கிருமிகள் அத்தனையின் மரபு எழுத்துக்களையும் ஒட்டுமொத்தமாய்ப் படித்துப் பார்த்தார்கள். நார் உடைக்கிற கிளாஸ்டிரிடியா வகையார் ஏராளமாகவும், மீத்தேன் உண்டாக்குகிறவைகளில் மெத்தனோகல்லியஸ் என்ற வகை தலைமையாகவும் இருக்கக் கண்டார்கள். படித்ததில் ஒரு பெரிய பங்கு, அதுவரையில் எந்தப் புத்தகத்திலும் பேரே இல்லாத ஜீவன்களுடையது.

இதைச் சொன்னதும் சிலர், "ஆகா! கிருமிகள்கூட ஒற்றுமையாய் வாழ்கின்றனவே, மனிதன் வாழக் கூடாதா?" என்று உபதேசம் செய்யப் புறப்பட்டுவிடுவார்கள். அந்தப் பிரசங்கம் நமக்கு வேண்டாம். கிருமிக்கு ஒற்றுமையும் தெரியாது, தர்மமும் தெரியாது. அதனதன் வயிற்றுப்பாட்டை அதது பார்க்கிறது. மனிதன் எப்படி வாழ வேண்டும் என்பதை மனிதன்தான் தன் புத்தியைக் கொண்டு தீர்மானிக்க வேண்டுமேயல்லாமல், கிருமியிடமோ பசுவிடமோ போய்க் கற்க வேண்டியதில்லை.

பசு என்றதும் மற்றொரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. எரிவாயு சாணத்திலிருந்து வருகிறது, ஆகையால் பசு புனிதமானது என்று வாதிக்கிறவர்களைப் பார்க்கிறோம். எரிவாயு பசுவின் புனிதத்தினால் வருமானால், பன்றிச் சாணத்தில் ஏன் வருகிறது? எருமைச் சாணத்தில் ஏன் வருகிறது? ஏரிச் சேற்றில் ஏன் வருகிறது? சாணம் துளியும் போடாமல் மக்காச்சோளத்தில் மட்டும் நடக்கிற தொட்டியில் ஏன் வருகிறது?

ஆனால் நாம் ஒருதலைப் பட்சமாய்ப் பேசுகிறவர்களல்ல. வெறும் மக்காச்சோளத்தை மட்டும் மாதக்கணக்காய்ப் போட்டுவந்த ஜெர்மானியர் சிலருடைய தொட்டிகள் நோய்ப்பட்டன. வாயு குறைந்தது, தொட்டி புளித்தது. காரணத்தைத் தேடினார்கள். மீத்தேன் கிருமியின் உடம்பில் அந்த வேலையைச் செய்கிற உறுப்புக்கு நடுவில் நிக்கல் என்ற உலோகம் இருக்கிறது. வேறு சில படிகளுக்குக் கோபால்ட்டு வேண்டும். செலினியமும் வேண்டும். இவை மிக மிகச் சிறிய அளவில்தான் தேவை. ஆனால் இல்லாமல் முடியாது. மக்காச்சோளத்தில் இவை போதுமானபடி இல்லை. சாணத்தில் இருக்கின்றன. அதோடு, புளிப்பைத் தாங்கிக்கொள்கிற சக்தியும் சாணத்துக்கு உண்டு. ஆகவே சாணம் சேர்ப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அது நிக்கலும் கோபால்ட்டுமேயொழிய, புண்ணியமல்ல. சாணத்தைத் தெய்வமாக்குகிறவனுக்கும் இது தெரியாது. சாணம் என்று மூக்கைப் பிடிக்கிறவனுக்கும் தெரியாது. சோதித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இன்னொரு காரணத்தாலும் தொட்டி புளிக்கும். புளிப்பு உண்டாக்குகிற கிருமிகள் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். மீத்தேன் உண்டாக்குகிறவை பலவற்றுக்கு நாட்கணக்கு வேண்டும. அதிக வாயு வேண்டுமென்ற பேராசையினால் ஒரே நாளில் அளவுக்கு மேல் கொட்டினால், முன்னே இருப்பவை புளிப்பை மலை போல் குவிக்கும். பின்னே இருப்பவை எடுத்துத் தீர்க்க முடியாமல் திணறும். கடைசியில் தொட்டி முழுவதும் ஸ்தம்பித்துப் போகும். கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் மூன்று பந்திச் சோற்றைத் தின்றவன் வயிறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படித் தொட்டி கெடுகிற இடத்தில்தான் புதிய பூசாரிகள் நுழைகிறார்கள். "இந்தப் பொடியைப் போடு, வாயு இரட்டிப்பாகும், இந்தத் திரவத்தை ஊற்று, கிருமிகள் பெருகும், உள்ளே இருப்பது என்னவென்று கேட்காதே, அது எங்கள் ரகசியம்" என்பார்கள். விபூதி கொடுக்கிறவனும் ரகசியம் என்கிறான், பொடி விற்கிறவனும் ரகசியம் என்கிறான். ஒருவன் உடுத்தியிருப்பது காவி, மற்றவன் உடுத்தியிருப்பது வெள்ளைச் சட்டை என்பதைத் தவிர நமக்கு வேறு வித்தியாசம் தெரியவில்லை. இதற்குப் பரிகாரம் சுலபம். ஒரே அளவு இரண்டு தொட்டி, ஒரே தீனி, ஒரே சூடு. ஒன்றில் பொடி, மற்றொன்றில் பொடியில்லை. சில வாரம் அளந்து பார். குறைவாயிருந்த நிக்கலையும் கோபால்ட்டையும் சேர்த்துத் தொட்டிகள் தேறியது இப்படி அளந்து பார்த்துத்தான் தெரிந்தது. அளக்கச் சம்மதியாதவனிடம் காசு கொடுக்காதே.

இனி, இந்த விஷயத்தில் நமக்கு மிக முக்கியமாய்ப் படுகிற பகுதிக்கு வருவோம். ஜெர்மனியில் ஆயிரம் ஆலை ஒன்பதாயிரமானது கிருமியின் சாமர்த்தியத்தினால் மட்டுமல்ல, சட்டத்தினால். 2000-ம் வருஷத்துச் சட்டம், இப்படி உண்டாக்குகிற மின்சாரத்தை 20 வருஷத்துக்கு நிச்சய விலையில் வாங்கிக்கொள்ளும்படி செய்தது. 2004-ல் அதைத் திருத்தி, பயிரையே வளர்த்துத் தொட்டியில் போட்டால் அதிகப்படி விலை என்றார்கள். அவ்வளவுதான். கழிவைப் போட வந்த தொட்டி, நிலத்தைத் தின்ன ஆரம்பித்தது. கண்ணுக்கெட்டிய வரையில் மக்காச்சோளம். ஆலைகள் நெருங்கியிருந்த ஜில்லாக்களில் குத்தகை ஏறிற்று. மாடு வளர்த்துப் பால் கறக்கிற சிறு குடியானவன், உறுதியான மின்சார விலை வாங்குகிற ஆலைக்காரனோடு போட்டி போட்டு நிலம் பிடிக்க வேண்டியதாயிற்று. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். நாடே மக்காச்சோள மயமாகிறது என்பதற்கு அவர்கள் பாஷையில் ஒரு புது வார்த்தையே பிறந்தது. அதன்பேரில் 2012-ல் புது ஆலைகளுக்கு நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் மக்காச்சோளம் கூடாது என்றார்கள். 2021-ல் அதை 40 ஆக்கினார்கள். பிறகு அதையும் குறைத்தார்கள்.

இதில் நம் அபிப்பிராயம் என்ன? மனிதன் தின்னக்கூடிய, மாடு தின்னக்கூடிய பயிரை வளர்க்கும் நல்ல நிலத்தை, தொட்டிக்காக ஒதுக்குவது அறிவுள்ள காரியமாக நமக்குத் தோன்றவில்லை. அதே நிலத்தில் சூரியத் தகடு பரப்பினால் மின்சாரம் பல பத்து மடங்கு அதிகம் கிடைக்கும். எரிவாயுவுக்குள்ள விசேஷம் ஒன்று உண்டு. அதைச் சேர்த்து வைத்து ராத்திரியிலும் எரிக்கலாம். அது பெரிய நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நன்மை வைக்கோலிலும், தோகையிலும், சந்தையில் அழுகுகிற காய்கறியிலும், சாணத்திலும்கூடக் கிடைக்கும். வைக்கோலில் கஷ்டம் உண்டு. அதன் நாரைச் சுற்றி லிக்னின் என்ற கெட்டிப் பொருள் கோட்டைச் சுவர் போல் நிற்கிறது. காற்றில்லாத தொட்டியில் அதைக் கிருமிகளால் உடைக்க முடிவதில்லை. ஆகையால் வைக்கோலை முன்னதாக நறுக்கியோ, வேக வைத்தோ, மருந்திட்டோ பக்குவம் செய்ய வேண்டும். செலவுதான். ஆனால் செலவு செய்து ஆராய வேண்டிய இடம் அதுவே. சுலபமாய் ஜீரணமாகிறது என்பதற்காகச் சோற்றுப் பயிரை எடுத்துப் போடுவது, விறகு வெட்டச் சோம்பி வீட்டுக் கதவை அடுப்பில் வைப்பதற்குச் சமம்.

இது ஜெர்மனிக்காரன் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. 2018 அக்டோபரில் இந்திய சர்க்காரும், 2023-க்குள் 5,000 எரிவாயு ஆலைகள் என்று ஒரு திட்டம் போட்டது. அந்தக் கணக்கு அந்தத் தவணைக்குள் எட்டவில்லை. ஆனால் முயற்சி நிற்கவுமில்லை. நேப்பியர் புல் பயிரிட்டு ஆலைக்குப் போடலாம் என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. தரிசிலா, தஞ்சைக் கழனி போன்ற நல்ல நிலத்திலா? தண்ணீர் யாருடையது? குத்தகைக்காரன் கதி என்ன? தொட்டியிலிருந்து கழிந்து வருகிற குழம்பில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் இருக்கிறதே, அது பயிர் கொடுத்தவன் வயலுக்குத் திரும்புமா, அல்லது ஆலைக்காரன் மூட்டை கட்டி விற்பானா? மூடி ஓட்டையாயிருந்து மீத்தேன் வானத்தில் கசிந்தால், நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குமே, அதைச் சோதிப்பவர் யார்? ஆலை வருவதற்கு முன்பே இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். விஞ்ஞானம் என்று பேர் சொன்னவுடனே கன்னத்தில் போட்டுக்கொள்வதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாவிட்டால் நாம் இவ்வளவு எழுதியதும் வீண். இதே கிருமிகள், இதே வேலையை, நம் நகரங்களின் மலக்குழிகளுக்குள்ளும் செய்கின்றன. அங்கே மீத்தேனோடு ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயுவும் உண்டாகிறது. கொஞ்சமாயிருக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்கு" என்கிறவன் கொலைக்கு அனுப்புகிறான். முதலில் இறங்கியவன் விழுவான். அவனைத் தூக்க இறங்கியவனும் விழுவான். 2005 நவம்பரில் ஜெர்மனியில் ராடெரைஷ்டெட் என்னும் ஊரில், ஓர் எரிவாயு ஆலையில் கசாப்புக் கழிவை இறக்கும்போது கிளம்பிய இந்த வாயுவினால் நான்கு பேர் இறந்தார்கள். அங்கே எவரும் பேய் அடித்தது என்று சொல்லவில்லை. எந்தக் கழிவோடு எந்தக் கழிவு கலந்தது என்று விசாரித்தார்கள்.

இங்கே? மனிதனைக் குழியில் இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. அப்படி இறந்தவன் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023-ல் அதை 30 லட்சமாக்கிற்று. ஆனால் சாவு நிற்கவில்லை. இறங்குகிறவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று நாம் சொல்லவும் வேண்டுமா? கிருமி ஜாதி பார்ப்பதில்லை. விஷ வாயுவும் ஜாதி பார்ப்பதில்லை. குழிக்குள் யாரை இறக்குவது என்று பார்க்கிறவன் மனிதன்தான். அவன் இறந்த பிறகு, "விதி", "போன ஜன்மத்து வினை" என்று சொல்லிப் பழியை ஆகாயத்தின் மேல் போடுகிறவனும் மனிதன்தான். ஏரியில் எரிந்த வாயுவுக்குப் பிசாசு என்று பேர் வைத்த அதே புத்தி, குழியில் கொன்ற வாயுவுக்கு விதி என்று பேர் வைக்கிறது. முதல் பொய்யினால் ஜனங்கள் பயந்தார்கள். இரண்டாவது பொய்யினால் ஜனங்கள் சாகிறார்கள்.

ஆகையால் பெரியவருக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். ஐயா, அந்த நெருப்புக்கு விறகு போட்டவை கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி ஜீவன்கள். அவற்றுக்குப் பூசை வேண்டாம். அவற்றைக் கண்டு பயமும் வேண்டாம். அவற்றின் வேலை இன்னதென்று தெரிந்துகொண்டால் அடுப்பெரிக்கலாம், விளக்கேற்றலாம், வயலுக்கு எருவும் பெறலாம். தெரிந்துகொள்ளாவிட்டால் அதே வாயு ஆளைக் கொல்லும். உங்கள் ஊரில் யாராவது ஒருவனை மலக்குழியில் இறங்கச் சொன்னால், குறுக்கே நின்று தடுங்கள். பிசாசு இல்லை என்று நாங்கள் நூறு கூட்டத்தில் பேசுவதைக் காட்டிலும், நீங்கள் ஒருவனை இறங்காமல் தடுப்பதே பெரிய பிரசாரம்.